கனடா மாமா அனுப்பின பெட்டிக்குப் பிள்ளை கடிதம் எழுதத்தான் வேண்டுமா?

விசுவமடு அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். சின்ன விசயம்தான், ஆனால் வீட்டில் பெரிய பேச்சாகப் போய்க்கொண்டிருக்கிறது.

மூத்தவள் புலமைப்பரிசில் பாஸ் பண்ணியதற்கு ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணா கப்பலில் ஒரு பெட்டி போட்டிருந்தார். அவளுக்கு நீர்வர்ணப் பெட்டி, நல்ல தூரிகைகள், ஒரு சோடி சப்பாத்து. சின்னவனுக்கு ஒரு பூதக்கண்ணாடி. மற்றபடி வழமையான சொக்லேட், சவர்க்காரம், எங்களுக்கு உடுப்பு.

"பெட்டி உடைத்த கையோடு பிள்ளைகள் கடிதம் எழுத வேணும், அதுதான் மரியாதை" என்று மாமியார் நிற்கிறார். "வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் போட்டால் முடிஞ்சுது, 2 நிமிச வேலை" என்கிறார் இவர். மகள் கொப்பி ஒற்றையைக் கிழித்து வைத்துக்கொண்டு இருந்தாள். "அன்புள்ள மாமாவுக்கு, நான் நல்ல சுகம். அதுபோல் நீங்களும் நல்ல சுகமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். நீங்கள் அனுப்பிய பெட்டி கிடைத்தது." அதோடு பேனை நின்றுவிட்டது. "இனி என்ன அம்மா எழுதுறது?" என்று கேட்டாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் வீடுகளில் பிள்ளைகளை எழுத வைக்கிறீர்களா? எழுத வைத்தால் எப்படி?

முள்ளியவளையான்:

அக்கா, பிள்ளையைப் பாவம் விடுங்கோ. முந்தி கடிதம் எழுதினோம் என்றால் வேறு வழி இல்லாமல் எழுதினோம். இப்போது மாமாவின் முகத்தைப் பார்த்தே கதைக்கலாம். 2022 ஓகஸ்டில் உள்நாட்டுக் கடிதத்துக்கே முத்திரை 15 ரூபாயிலிருந்து 50 ஆனது. கனடாவுக்கு என்றால் அதைவிடக் கூட. அது போய்ச் சேர்வதற்குள் சப்பாத்தே தேய்ந்துவிடும்.

இன்னொன்று. சொந்தத்துக்குள் என்ன நன்றி? என் அம்மாவின் தம்பி எனக்குச் சைக்கிள் வாங்கித் தந்தார். நான் அவருக்கு நன்றி என்று சொல்லியிருந்தால், "என்னடா, என்னைப் பிறத்தியான் ஆக்கிறாயோ?" என்று கேட்டிருப்பார்.

பழைய மல்லாவி:

தம்பி முள்ளியவளை, நான் பெட்டி அனுப்புகிற பக்கத்தில் இருப்பவன். ஸ்காபரோ. அந்தப் பக்கக் கதையையும் கேளுங்கோ.

வீடியோவில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பிள்ளையின் முகம் பாதி தெரியும். பின்னால் இருந்து தாயின் குரல் வரும்: "சொல்லு, தாங்ஸ் மாமா எண்டு சொல்லு." பிள்ளை "தாங்ஸ் மாமா" என்னும். "சப்பாத்து நல்லாயிருக்கு எண்டு சொல்லு." "சப்பாத்து நல்லாயிருக்கு." பிறகு போனை அம்மம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடும். பிழை சொல்லவில்லை, அந்த வயதில் நானும் ஓடியிருப்பேன். ஆனால் அதில் பிள்ளை சொன்னது ஒன்றுமே இல்லை.

1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் ஆக்கள் மல்லாவிப் பக்கம் போய்விட்டார்கள். தொலைபேசி இல்லை. யாராவது வெளியே போகும் அனுமதிப் பாஸ் கிடைத்து வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போனால், அவர் கையில் கடிதத்தைக் கொடுத்து அங்கே தபாலில் போடுவார்கள். சில வேளை செஞ்சிலுவைச் சங்கத்தின் தாளில் வரும். அது ஒட்டாத தாள், குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம், நடுவில் ஆக்கள் வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுத வேண்டும். அப்படி வந்த ஒன்றில் என் அண்ணாவின் மகன், நான் அனுப்பின காசில் என்ன வாங்கினது என்று எழுதியிருந்தான். ஒரு தகரப் பேனைப் பெட்டியும் ஒரு ஆட்டுக்குட்டியும். ஆட்டுக்குட்டி மாமரக் கன்றைத் தின்றதற்கு அப்பா தன்னை ஏசியதாகவும் இருந்தது. அந்த ஏச்சுக்கு நான் தான் காரணம் என்ற மாதிரி ஒரு தொனி வேறு. குளிர்காலம் முழுக்க அதை வாசித்துச் சிரித்தேன்.

போன் மாற்றினபோது வொய்ஸ் எல்லாம் போய்விட்டது. அந்தத் தாள் இருக்கிறது.

முள்ளியவளையான்:

அண்ணா, அது கடிதத்தின் சிறப்பு இல்லை, ஆட்டுக்குட்டியின் சிறப்பு 😄

ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர்:

முள்ளியவளைத் தம்பி பகிடியாகச் சொன்னாலும் விடை அதில்தான் இருக்கிறது.

நான் கிளிநொச்சிப் பள்ளிக்கூடங்களில் நெடுகத் தமிழ் படிப்பித்தவள். உறவுமுறைக் கடிதம் என்று ஒரு பாடம் வைத்திருக்கிறோம். வலது பக்கம் மேலே முகவரி, திகதி, விளிப்பு, சுகம் விசாரிப்பு, பிறகு விசயம், "இத்துடன் முடிக்கிறேன்", இப்படிக்கு. புள்ளி போடுவதற்கு வசதியான அமைப்பு. பிள்ளைகள் அதைப் பாடமாக்கி எழுதுவார்கள், 40 கொப்பியிலும் ஒரே கடிதம் இருக்கும். விசயம் வர வேண்டிய இடத்தில்தான் ஒன்றும் இருக்காது. விசுவமடுத் தங்கச்சியின் மகள் நின்ற இடமும் அதுவே. அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை. சுகம் விசாரித்து முடியவே அரைப் பக்கம் போய்விடுகிறது, மீதிக்கு என்ன செய்வதென்று யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.

நான் வகுப்பில் பிறகு இப்படித்தான் செய்தேன். "கடிதம் எழுது" என்று சொல்வதில்லை. "அந்தப் பொருள் உன் கைக்கு வந்த பிறகு என்ன நடந்தது?" என்று கேட்பேன். வாயால் சொல்ல விடுவேன். ஒரு பிள்ளை, பெரியப்பா தந்த குடையைத் தங்கச்சி நாய்க்குட்டிக்குப் பிடித்துக்கொண்டு திரிந்ததைச் சொன்னது. "அதை அப்படியே எழுது" என்றேன். "அதையெல்லாம் எழுதலாமா ரீச்சர்?" என்று கேட்டது. எழுதலாம். அதைத்தான் எழுத வேண்டும்.

மகளிடம் கேளுங்கள்: முதலில் என்ன நிறத்தைத் தொட்டாய்? என்ன கீறினாய்? எது பழுதாய்ப் போனது? அந்த மூன்றுக்கும் அவள் சொல்லும் மறுமொழிதான் கடிதம். கடைசியில் மாமாவிடம் உண்மையாக அறிய விரும்பும் ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். "உங்கள் ஊரில் ஐஸ் கொட்டும்போது பள்ளிக்கூடம் இருக்குமா?" என்ற மாதிரி. கேள்வி இருந்தால் மறுமொழி வரும்.

எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம். ரகர றகரப் பிழை கிடக்கட்டும். சிவப்பு மை பட்ட கடிதத்தை எந்தப் பிள்ளையும் ஆசையாக அனுப்பாது. செம்மையாகப் படி எடுத்து எழுதச் சொல்வதும் வேண்டாம், இரண்டாம் முறை எழுதும்போது நாய்க்குட்டி காணாமல் போய்விடும்.

பழக்கம் பிடித்த பிள்ளைகளுக்கு இன்னொரு தகவல். உலகத் தபால் ஒன்றியம் 1971இலிருந்து ஒவ்வொரு வருடமும் 9 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்குக் கடிதப் போட்டி நடத்துகிறது. தலைப்பு வருடத்துக்கு வருடம் மாறும்.

கடைசி வாங்கு:

நான் கொஞ்சம் கசப்பாகக் கதைக்கப் போகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

2009இல் எனக்கு 7 வயது. மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து மீள்குடியேறி வந்த பிறகு, பள்ளிக்கூடத்துக்கு ஆக்கள் வந்து பை, கொப்பி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் தருவார்கள். வெயிலில் வரிசை. பதாகை பிடிப்பார்கள். பையை நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்தால் படம் எடுப்பார்கள், சிரிக்கச் சொல்வார்கள். பிறகு வகுப்புக்குள் கரும்பலகையில் ஒரு கடிதம் எழுதியிருக்கும். நாங்கள் பார்த்து எழுத வேண்டும். "யுத்தத்தால் பாதிக்கப்பட்ட எனக்கு" என்று தொடங்கும். அப்பாவைப் பற்றி ஒரு வசனம் எழுத இடம் விட்டிருப்பார்கள். அப்பா இருந்தவர்கள் என்ன எழுதுவது என்று கேட்டார்கள், இல்லாதவர்கள் கேட்கவில்லை.

பை நல்ல பைதான். ஆனால் கடிதம் என்றால் இன்றைக்கும் எனக்கு அந்த வசனம்தான் முன்னுக்கு வரும். பரிசு தந்த கையோடு பிள்ளையிடம் கடிதம் கேட்பது பற்றுச்சீட்டு கேட்பது போல. எழுதினால்தான் அடுத்த முறை வரும் என்று பிள்ளைக்கு விளங்கிவிடும். ஆகவே மாமியாரிடம் சொல்லுங்கோ அக்கா, கட்டாயப்படுத்த வேண்டாம்.

விசுவமடு அம்மா:

தம்பி, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. நாங்களும் அந்த வரிசையில் நின்ற ஆக்கள்தான், பெரியவர்களின் வரிசை.

ஆனால் அது பிறத்தியார். இது தாய்மாமன். அவர் படம் கேட்கவில்லை, கடிதமும் கேட்கவில்லை. கேட்காத ஆளுக்கு எழுதுவது வேறு மாதிரி இல்லையா?

கடைசி வாங்கு:

கேட்காத ஆளுக்கு எழுதுவது வேறுதான் அக்கா, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மாமியார் கேட்கிறாரே. பிள்ளைக்கு மாமாவும் ஒன்று, அப்பம்மாவும் ஒன்று. யார் கேட்டாலும் கேட்டதுதான்.

சூரிச் மாமி:

எல்லாரும் பிள்ளை எழுதுகிறதா இல்லையா என்று கதைக்கிறீர்கள். பிள்ளையின் கையால் யார் எழுதுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

எனக்கு வந்த கடிதங்களில் பாதியை நான் பிள்ளையின் கடிதமாக எடுப்பதில்லை. முதல் 4 வரி சொக்லேட், உடுப்பு. ஐந்தாவது வரியில் "மாமி, எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. அம்மாவுக்கு நாரி நோ. அப்பா உங்களிடம் கேட்கக் கூச்சப்படுகிறார்." 8 வயதுப் பிள்ளைக்கு அப்பாவின் கூச்சம் எப்படித் தெரியும்? என் தம்பி பெண்சாதியின் வசனம் அது, கல்யாணத்துக்கு முதலே அவவை எனக்குத் தெரியும்.

கூரை ஒழுகினது உண்மைதான், காசும் அனுப்பினேன். கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை, நாங்கள் இங்கே இருப்பதே அதற்குத்தானே. ஆனால் பெரியவரின் தேவையைப் பெரியவர் போன் எடுத்துச் சொல்ல வேண்டும். பிள்ளையின் கடிதத்துக்குள் அதைச் செருகினால், பிள்ளை எழுதிய நாலு வரியையும் நான் அதற்கு முன்னுரையாகத்தான் வாசிப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2002 ஏப்ரலில் வன்னிக்கு வரும் ஏ9 பாதை திறந்த பிறகு, நான் 2004இல் புதுக்குடியிருப்புக்கு வந்தேன். பிள்ளைகளுக்கு நிறப் பென்சில் கொண்டு வந்தேன். நான் திரும்பிப் போன பிறகு தங்கச்சியின் மகள் ஒரு கடிதம் போட்டிருந்தாள். ஒவ்வொரு பென்சிலாலும் ஒவ்வொரு வரி. மஞ்சள் வரியை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். 2006 ஓகஸ்டில் பாதை மூடினது. 2009இல் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு படமோ ஒரு கொப்பியோ வெளியே வரவில்லை, உடுத்த உடுப்போடு வந்தவர்கள். அவளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். சின்ன வயதில் அவள் எழுதினது என்று உலகத்தில் இருப்பது என்னிடம் இருக்கும் அந்தக் கடிதம் மட்டும்தான். போன முறை படி எடுத்துக் கொண்டு வந்து கொடுத்தேன். அசலைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அது எனக்கு வந்தது.

முள்ளியவளையான்:

மாமி சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. எங்கள் வீட்டிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. கனடாவில் சித்தப்பா இருக்கிறார், கேட்டுப் பார்க்க வேண்டும்.

உளவளத்துணை:

தொழில் காரணமாக ஒன்று சொல்கிறேன். 2018இல் அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆக்களை நன்றிக் கடிதம் எழுத வைத்து, பெறுபவர் எப்படி எடுப்பார் என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு பெற்றவர்களிடமே கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்ததைவிடப் பெற்றவர்கள் அதிகம் மகிழ்ந்திருந்தார்கள். கூச்சமாக இருக்கும் என்று எழுதியவர்கள் பயந்த அளவுக்கு அவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை. எழுதியவர்கள் வசனம் சரியா என்று கவலைப்பட்டார்கள், பெற்றவர்கள் பார்த்தது அன்பை.

இது பெரியவர்களை வைத்துச் செய்தது, பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் "என்ன எழுதுறது" என்று பேனையோடு நிற்கும் பிள்ளைக்கும், பிழை பார்த்துத் திருத்தும் தாய்க்கும் இதைச் சொல்லலாம். கடைசி வாங்குத் தம்பி சொன்னதும் உண்மை. கரும்பலகையைப் பார்த்து எழுதியது இந்தக் கணக்கில் வராது.

துணுக்காய்ப் பெரியம்மா:

நான் நெடுநேரமாக வாசித்துக்கொண்டு இருக்கிறேன். ஒருவரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். கடிதம் ஏன் கடல் தாண்டித்தான் போக வேணும்?

என் தங்கச்சியின் பிள்ளைகளுக்கு நான் ஒரு பேட்டுக்கோழி கொடுத்தேன், முட்டை குடிக்கட்டும் என்று. சித்திரை வருடத்துக்குக் கைவிசேசம் கொடுக்கிறேன். பாலைப்பழக் காலத்தில் பழம் கொண்டு போய்க் கொடுக்கிறேன். இதுக்கெல்லாம் ஒரு கடுதாசியும் வரவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் லண்டன் சித்தியின் பெட்டி வந்தால் வீடே மேசையைச் சுற்றி இருந்து எழுதுகிறது. பிள்ளை என்ன படிக்கும்? பெட்டி பெரிசு, கோழி சின்னன் என்றுதானே படிக்கும்.

முள்ளியவளைத் தம்பி சொந்தத்துக்குள் நன்றி இல்லை என்றார். அது சொல்லாமல் விடுவது இல்லை, வேறு மாதிரிச் செய்வது. எங்கள் வீட்டுக்கு வந்த சட்டியை நாங்கள் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தது கிடையாது. ஒரு பிடி முருங்கையிலையாவது போட்டுத்தான் கொடுப்போம். மாமா கனடாவில் இருந்தால் அவருக்கு முருங்கையிலை கொடுக்க முடியாது, அதனால் எழுத வேண்டும், விளங்குது. பக்கத்தில் இருக்கிற ஆக்களுக்குப் பிள்ளை போய்க் காட்டட்டும். "பெரியம்மா, நீங்கள் தந்த கோழி அடைகிடக்குது, வந்து பாருங்கோ" என்று வந்து சொன்னால் எனக்குப் போதும்.

பழைய மல்லாவி:

அக்கா, சொன்னீங்களே ஒரு சொல்! நாங்கள் அனுப்புகிற பெட்டி கூடுதலாகத் தள்ளுபடிக் கடையில் வாங்கினது. உங்கள் கோழி வீட்டுச் சொத்து.

விசுவமடு அம்மா:

ரீச்சர், நீங்கள் சொன்ன மாதிரிக் கேட்டேன். கடிதத்தைப் பற்றிக் கதைக்கவில்லை, வர்ணத்தைப் பற்றி மட்டும் கேட்டேன். ஒரு பாட்டம் சொல்லி முடித்துவிட்டு, தானாகவே எழுதப் போனாள். மாமியாரைக் குசினிக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு சிக்கல். சப்பாத்து அவளுக்குக் காணாது, விரல் மடங்குகிறது. அண்ணா வருத்தப்படுவார் என்று நான் சொல்லாமல் விட நினைத்தேன். அவள் அதையும் எழுதுகிறாள். கீழே தன் பாதத்தைத் தாளில் வைத்துச் சுற்றிக் கீறியும் விட்டாள். இது அடுத்த முறைக்குக் கேட்பது மாதிரி ஆகாதா? சூரிச் மாமி சொன்னதை வாசித்த பிறகு எனக்குப் பயமாக இருக்கிறது.

சூரிச் மாமி:

ஐயோ தங்கச்சி, நான் சொன்னது பெரியவர் பிள்ளைக்குள் ஒளிந்து நின்று கேட்பதைப் பற்றி. இது பிள்ளை தன் காலைத் தானே கீறினது. அப்படியே அனுப்புங்கோ. நாங்கள் கடையில் நின்று, ஊரில் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கையால் அளந்து அளந்துதான் வாங்குகிறோம்.

ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர்:

சரி, காணாத சப்பாத்தை யார் போடுகிறார்கள் என்றும் எழுதச் சொல்லுங்கள். காலுக்குக் காணாவிட்டால் அது யாருக்கோ போயிருக்கும். அனுப்பினவருக்கு அது தெரிந்தால் நல்லது, பொருள் மூலையில் கிடக்கிறது என்று நினைக்க மாட்டார்.

விசுவமடு அம்மா:

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று. அதையும் எழுதியிருக்கிறாள். அவளிடம் கேட்டுத்தான் கொஞ்சத்தைப் போடுகிறேன்:

"மாமா, நான் முதல் இரணைமடுக் குளம் கீறினேன். தண்ணிக்கு நீலம் அடிச்சன், ஆனா எங்கட குளம் நீலம் இல்லை, அதனால மண் நிறம் கலந்தேன். பிறகு எல்லாம் மண் நிறமாப் போட்டுது. அம்மா அது வயல் எண்டு நினைச்சா. தம்பி பூதக்கண்ணாடியால எறும்பைப் பாத்துப் பயந்து அழுதான், ஆனா அழேல்லை எண்டு எழுதச் சொல்றான். நீங்கள் சின்னனில குளத்தில குளிச்சதா அம்மம்மா சொன்னா. அப்ப முதலை இருந்ததா?"

தம்பிக்காரனுக்கு எழுத விருப்பம் இல்லை. எறும்பு ஒன்றை ஆனை அளவில் கீறித் தந்திருக்கிறான், அதையும் உள்ளே வைக்கிறேன்.

கடைசி வாங்கு:

அக்கா, இந்தக் கடிதத்தை நான் எதிர்க்க மாட்டேன். தம்பி அழவில்லை என்பதை நான் நம்புகிறேன் என்று அவனிடம் சொல்லுங்கோ.

முள்ளியவளையான்:

முத்திரைக் காசு நான் தாறன் அக்கா. முதலைக்கு என்ன மறுமொழி வருகிறது என்று இங்கே போட வேண்டும்.

பழைய மல்லாவி:

தங்கச்சி, அனுப்ப முதல் முகவரியைச் சரி பாருங்கோ. கனடா முகவரியில் கடைசியாக எழுத்தும் இலக்கமும் மாறி மாறி 6 வரும். அதில் ஓ எழுத்துக்கும் சுழியத்துக்கும் ஆக்கள் தடுமாறுவார்கள். முதலில் எழுத்து, அடுத்தது இலக்கம், அப்படியே மாறி மாறி வைத்துப் பார்த்தால் பிழைக்காது. ஓ எழுத்து அதில் வருவதே இல்லை, வட்டமாக இருந்தால் அது சுழியம்தான். அண்ணா மாடிக் கட்டடத்தில் இருந்தால் வீட்டு இலக்கத்தையும் விடாமல் எழுதுங்கோ. முகவரியை ஆங்கிலத்தில் நீங்கள் எழுதுங்கோ, உள்ளே இருப்பதைத் தொட வேண்டாம்.